ஊர் கட்ட உதவிய கார்

ஒரு மோட்டார் காரால் ஓர் ஊரைக் கட்ட முடியுமா?

முடியும். நம் இந்தியாவிலேயே அது நடந்திருக்கிறது. அந்தக் காரைக் கொடுத்தவர் போப்பாண்டவர். வாங்கியவர் அன்னை தெரசா. அதனால் பயன் அடைந்தவர்கள் தொழுநோயாளிகள்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டினால் குத்தம்பாக்கம். பக்கத்திலேயே பெங்களூர் நெடுஞ்சாலை. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998ஆம் ஆண்டு முதல் கார்கள் உற்பத்தி ஆகின்றன. இரவும் பகலும் புதுக் கார்கள் பறக்கும் பாதை இது.

புதுக் கார் வந்துவிட்டால் பழைய கார் என்ன ஆகும்? தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். விற்க மனம் வராது. ஓட்டவும் முடியாது. "யாருக்காவது தருமமாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் நினைப்பது உண்டு.

அவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

வெள்ளைக் கார்

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பம்பாயில் கத்தோலிக்கர்களின் உலக மாநாடு. அதற்காகப் போப்பாண்டவர் ஆறாம் பால் வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் போப்பாண்டவர் அவர்தான்.

அவர் ஊர்வலம் வருவதற்கு ஒரு வெள்ளைக் கார் தயாராக இருந்தது. அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்த கார் அது. பெயர் லிங்கன் காண்டினென்டல். போர்டு கம்பெனியின் சொகுசு வண்டி.

அந்த மாதிரிக் காரின் நீளம் ஐந்தரை மீட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல். எஞ்சின் 7 லிட்டர் அளவு. நம் ஊர் அம்பாசடர் காரின் எஞ்சின் அப்போது ஒன்றரை லிட்டர்தான்! நான்கு அம்பாசடர் எஞ்சின்களைச் சேர்த்தால்கூட அதன் அளவுக்கு ஈடாகாது.

ஊர் திரும்பும்போது போப்பாண்டவர் அந்தக் காரை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்னை என்ன செய்தார்?

கல்கத்தாவில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தவர் அன்னை தெரசா. அவருடைய சபை 1950இல் தொடங்கியது. அப்படிப்பட்டவருக்கு அரண்மனை போன்ற கார் எதற்கு?

அவர் அதைத் தன் சவாரிக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆளுக்கு விற்கவும் இல்லை. குலுக்கல் போட்டார்!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காரை விற்றால், அந்தக் காரின் விலை மட்டும்தான் கிடைக்கும். சீட்டு விற்றால், கார் வாங்க வசதி இல்லாதவரும் ஒரு சீட்டு வாங்குவார். போப்பாண்டவர் ஏறிய கார் என்றால் கேட்கவா வேண்டும்? விற்றிருந்தால் வந்திருக்கும் தொகையைப் போலப் பல மடங்கு பணம் சேர்ந்தது.

அந்தப் பணம் எங்கே போனது? மேற்கு வங்கத்தில் ஆசன்சோலுக்கு அருகே, தொழுநோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பு உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் போனது. அந்த ஊரின் பெயர் சாந்தி நகர்.

தீண்டாத கைகள்

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவரின் நிலை என்ன? பெற்ற பிள்ளையே பக்கத்தில் வரமாட்டான். வீட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். கோயில் வாசலும் பிச்சைப் பாத்திரமும்தான் கதி.

சாந்தி நகரில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. மருத்துவம் கிடைத்தது. செய்வதற்கு ஒரு தொழிலும் கிடைத்தது. பிச்சை கேட்டு நீண்ட கைகள் உழைக்கத் தொடங்கின.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. செங்கல்பட்டு அருகே திருமணியில் 1924ஆம் ஆண்டிலேயே தொழுநோய் மருத்துவமனை வந்துவிட்டது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், நோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக் காட்டினார்.

தொழுநோய் இன்று முழுதும் குணமாகும் நோய். ஆறு மாதம் அல்லது ஓர் ஆண்டு மாத்திரை சாப்பிட்டால் போதும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும்.

ஒதுக்கப்பட்டவர்களை ஒரு வீட்டில் குடி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது குத்தம்பாக்கத்துக்குத் தெரியும். இங்குள்ள சமத்துவபுரத்தில் வீடுகள் இரட்டை இரட்டையாகக் கட்டப்பட்டன. ஒரு பாதி தலித் குடும்பத்துக்கு. மறு பாதி வேறு சாதிக் குடும்பத்துக்கு. நடுவில் ஒரே சுவர்! ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ முன்னின்று செய்த வேலை இது.

காசாகும் கார்கள்

அமெரிக்காவில் காரைத் தருமம் செய்வது பெரிய வழக்கம். பழைய காரை ஓர் அறச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். சங்கம் அதை விற்றுப் பணமாக்கும். கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு.

அங்கே 'மசில் கார்' என்று ஒரு வகை இருக்கிறது. நடுத்தர உடல், பெரிய எஞ்சின், புயல் வேகம். 2019ஆம் ஆண்டு அந்த வகையில் ஒரு புது முஸ்டாங் காரை ஏலம் விட்டார்கள். வரிசையில் முதல் எண் கொண்ட கார். ஏலம் போன தொகை 11 லட்சம் டாலர்! அவ்வளவும் நீரிழிவு நோய் ஆராய்ச்சிக்கே போனது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் குருவாயூர் கோயிலுக்கு மகிந்திரா கம்பெனி ஒரு தார் ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுத்தது. முதல் ஏலத்தில் 15 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஒருவர் மட்டுமே கேட்டார் என்று ஆட்சேபம் கிளம்பியது. 2022 ஜூனில் மறு ஏலம். இந்த முறை 43 லட்சம்! பலர் கூடிக் கேட்டால் தருமம் வளரும்.

கொடுப்பவர் கவனத்துக்கு

நல்ல மனசு மட்டும் போதாது. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆகையால் அன்னை தெரசா செய்ததுபோல இங்கே குலுக்கல் போட முடியாது. பகிரங்க ஏலமே நல்ல வழி.

நம் நாட்டில் பொருளாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை இல்லை. காரை விற்று, பதிவு பெற்ற சங்கத்துக்கு வங்கி மூலம் பணமாகக் கொடுத்தால், சலுகைக்கு வழி உண்டு.

காரைக் கொடுத்தால் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால், நாளை அந்தக் கார் யார் மீதாவது மோதினால், நஷ்ட ஈட்டு வழக்கு பழைய சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஐம்பது வயது தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கும் காருக்குத் தனிப் பதிவு உண்டு. 2021இல் வந்த விதி இது. அப்படிப் பதிவான காரை வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ விட முடியாது. ஆகவே, அதை ஓர் அநாதை விடுதிக்குக் கொடுத்து, "குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள்" என்றால் பயன் இல்லை.

பெரிய காரைக் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்கும் பழுதுக்கும் அவர்களைத் திண்டாட விடுவது தருமம் ஆகாது. வாங்குபவருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தேவை அரிசி என்றால், கார் அரிசியாக மாறட்டும். தேவை வீடு என்றால், கார் வீடாக மாறட்டும்!