லயத்துக் குப்பையும் ரப்பர்ச் சருகும்

மாலை ஆறு மணிக்கு எங்கள் லயத்தின் பின்புறம் வந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு புகை கிளம்பும். அடுப்புப் புகை அல்ல, குப்பை எரிகிற புகை. தோட்டத்துக்குள் குப்பை லாரி வருவதில்லை. வேறென்ன செய்வது என்று நானும் கொளுத்தியவன்தான். என் வகுப்பில் இழுப்பு நோயுள்ள சிறுமி ஒருத்தி உண்டு. புகை அதிகமான மறுநாள் அவள் இடம் காலியாக இருக்கும். அதைக் கவனித்த பிறகுதான் என் வீட்டு வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. பாதிக்கு மேல் மண்ணுக்குப் போகவேண்டிய பொருள்!

உடனே வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினேன். வாத்தியார் அல்லவா, யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் மழைநீர் தேங்கி, புழு நெளிந்து, நாற்றம் குடலைப் புரட்டியது. பக்கத்து வீட்டு அக்கா, "வாத்தியாரே, நீங்க கொளுத்துனதே தேவல" என்றார்.

வழி சொன்னவரும் அவரே. "வெறும் ஈரத்தைக் கொட்டுனா அழுகாம என்ன செய்யும்? சருகு போடுங்க."

அவர் சொன்னது சரி. குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஈரம் மிகுந்து காற்று அடைபட்டால், நாற்றத்தை உண்டாக்கும் வேறு கிருமிகள் பெருகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் கொட்டும் இலையைச் சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. நம் மழைக்குக் குழி உதவாது. மேட்டில் கம்பிவலை வளைத்துக் குவித்து, மேலே பழைய தகரத் துண்டு ஒன்றைப் போடலாம். வாரம் ஒருமுறை புரட்டவேண்டும். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் ஈரம் போதும். மீன், எண்ணெய்க் கறி, மிச்சச் சோறு வேண்டாம். எலி வரும், எலிக்காய்ச்சலும் பின்னால் வரும். மூன்று மாதமளவில் கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை அடிக்கும்.

மைலோ டின்னையும் போத்தலையும் கழுவி, மழை படாமல் வைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். வெளியே கிடந்தால் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். கோலாலம்பூர், ஜொகூர் முதலிய இடங்களில் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். பட்டணத்து வாசகர்களுக்கு இது பழைய செய்தி.

பிளாஸ்டிக் பைக்குத்தான் என்னிடம் நல்ல வழியில்லை. சேர்த்துக் கட்டி, பட்டணம் போகும்போது அங்குள்ள குப்பைத் தொட்டியில் போடுகிறேன்.

எங்கள் வரிசையில் நான்கு வீட்டார் கொளுத்துவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டுக் கத்தரிச் செடிக்கு என் உரம்தான். எதிர் லயத்தில் இன்னும் புகைகிறது.