கரியைக் களையெடுத்தால் வைரம்

சாண எரிவாயு அடுப்பில் எரிவது மீத்தேன். அதே மீத்தேனைக் கொண்டு ஆய்வகங்களில் வைரம் வளர்க்கிறார்கள். பாலின் மேல் ஏடு படிவதுபோல, சிலிக்கான் தகட்டின் மேல் மெல்லிய படலமாக அது படிகிறது.

செயற்கை வைரம் என்றாலே 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ராட்சத அழுத்தம் கொடுத்து உண்டாக்கியதைத்தான் சொல்வார்கள். அதற்கு ஈராண்டு முன்பே, யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வில்லியம் எவர்சோல் குறைந்த அழுத்தத்தில், வாயுவிலிருந்தே வைரம் வளர்த்துவிட்டார். பெயர் வாங்கியது என்னவோ மற்றவர்கள்தான்.

அவருடைய முறையில் ஒரு தொல்லை இருந்தது. வைரத்தோடு பென்சில் கரியான கிராஃபைட்டும் சேர்ந்து படிந்தது. அடிக்கடி நிறுத்தி அதை அகற்ற வேண்டும். பயிரைவிடக் களை வேகமாக வளரும் வயல் அது! களையெடுக்க வந்தது அணு நிலை ஹைட்ரஜன். அது கிராஃபைட்டை அரித்துத் தின்னும். வைரத்தை அவ்வளவாகத் தொடாது. சோவியத் ஒன்றியத்தில் டெர்யாகின் குழுவும் அமெரிக்காவில் ஜான் ஆங்கஸும் இந்த வழியில் முன்னேறினர். 1982இல் ஜப்பானின் சுகுபா ஆய்வாளர்கள் எவரும் செய்து பார்க்கும்படியான செய்முறையை வெளியிட்ட பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

செய்முறை எளிதாகத்தான் தெரியும். ஹைட்ரஜனில் ஏறத்தாழ 1 சதவீதம் மீத்தேன். 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கனலும் டங்ஸ்டன் கம்பி. அதன் கீழே சுமார் 800 டிகிரியில் தகடு. தகட்டில் முன்கூட்டியே வைரத் தூளைத் தேய்த்து 'விதை' தூவியிருப்பார்கள். பொறுமைதான் கூடுதலாக வேண்டும். இந்த முறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் படலம் வளரும். தலைமயிர் கனம் சேரவே இரண்டு மூன்று நாளாகும்.

இவ்வளவு பாடு எதற்கு? தரமான வைரப் படலம் தாமிரத்தைவிட நான்கைந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தையோ கடத்தாது. சூடேறும் லேசர்களுக்கும் சிப்புகளுக்கும் அடியில் வைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. பிரான்சில் எழும் ஈட்டர் அணு இணைவு உலையில், 10 லட்சம் வாட் நுண்ணலைக் கற்றைகள் நுழையும் சாளரங்களும் வைரத் தகடுகளே. கனம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

வெட்டுக் கருவிகளின் மேலும் இதைப் பூசலாம்; எஃகைக் கடைவதற்கு மட்டும் இது ஆகாது. சூட்டில் இரும்பு, வைரத்தின் கார்பனை உறிஞ்சிவிடும். அலுமினியமும் கார்பன் இழைப் பலகையும் என்றால் வைரம் பூசிய கருவிகள் வெளுத்துவாங்கும்.

2023 மத்திய பட்ஜெட்டின் தொடர்ச்சியாக, ஆய்வக வைர ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பேச்சு இன்னமும் நகைக் கல்லைச் சுற்றியே இருக்கிறது. சிப்புக்கு அடியில் போகும் படலத்துக்கும் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கு போய்ச் சேரட்டும்.