புது மடிக்கணினி வாங்கும் முன் ஒரு வார இறுதி

வீட்டிலிருந்தபடி காணொளி வழியாகக் குழுப் படைப்பு. என் முறை வந்ததும் திரை உறைந்தது. நான் மீண்டும் இணைவதற்குள் என் பகுதியைத் தோழி ஒருத்தி பேசி முடித்திருந்தாள். அந்த மாதத்தில் இது மூன்றாம் முறை.

என் மடிக்கணினி, அக்கா பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. வயது எட்டைத் தாண்டிவிட்டது. “புதுசு வாங்கிடலாம்மா, தவணையில கட்டிக்கலாம்,” என்றார் அம்மா. ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். ஒரு வார இறுதி மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் நான் செய்தது தவறு. ரவுட்டரை அணைத்துப் போட்டேன்; வைஃபை மென்பொருளைப் புதுப்பித்தேன்; மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அட்டையை அணைத்துவைக்கும் அமைப்பையும் நீக்கினேன். எல்லாம் ஒரே நேரத்தில்! ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது, பிறகு மறுபடியும் துண்டித்தது. எது உதவியது, எது உதவவில்லை என்று தெரியவே இல்லை. அதன் பிறகுதான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

ரவுட்டரிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து மடிக்கணினியில் செருகினேன். இணையம் தடையின்றி ஓடியது. ஆக, வீட்டு இணையச் சேவையில் குறை இல்லை. அடுத்து, விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்திற்கு மடிக்கணினியை எடுத்துச் சென்று ‘வயர்லெஸ்@எஸ்ஜி’யில் இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை. வைஃபை அட்டையும் பழுதாகவில்லை. அப்படியானால் கோளாறு என் அறையில்தான்!

பழைய, விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றைப் போல என்னுடையதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. தேக்காவுக்கு அருகிலுள்ள எங்கள் புளோக்கில் இருபதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் பட்டியலில் தெரிகின்றன. எல்லாம் இந்த மூன்று தடங்களில்தான் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு, மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ரவுட்டரை 11ஆம் தடத்திலிருந்து 1ஆம் தடத்திற்கு மாற்றியதும் ஓரளவு முன்னேற்றம். ஆனாலும் நள்ளிரவில்கூட இணைப்பு அறுந்தது.

நூலகத்தில் இல்லாதது என் மேசையில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கோப்புகளைச் சேமிக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் கண்ணில் பட்டது. அதைக் கழற்றினேன், இணைப்பு நிலைத்தது. மறுபடி செருகினேன், சில நிமிடங்களில் அறுந்தது. இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். அதே கதைதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. யுஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கம்பிகளும் வெளிவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டுள்ளது. திரையில் வைஃபை கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் திணறியதன் காரணமும் அதுதான். தேக்கா ஈரச்சந்தையில் பக்கத்தில் நிற்பவர் உரக்கப் பேசினாலும், சுற்றியுள்ள சத்தத்தில் ஒன்றும் புரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். கோடுகள் குரலின் அளவைக் காட்டுமே தவிர, இரைச்சலின் அளவைச் சொல்லாது.

சில வெள்ளிக்கு நீளமான கம்பி ஒன்று வாங்கி, டிஸ்க்கை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். பிரச்சினை தீர்ந்தது. உங்கள் கணினியில் பழைய யுஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதிலும் செருகலாம். கோப்புகள் மெதுவாக நகரும், அவ்வளவுதான்.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற முடியாது. மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். இன்னும் உழைக்கக்கூடிய ஒரு கணினியை அதில் சேர்க்கும் முன் கம்பியைச் செருகிப் பாருங்கள், இடத்தை மாற்றிப் பாருங்கள், மேசையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்த குழுப் படைப்பில் என் பகுதியை நானே பேசி முடித்தேன். அம்மா தவணைப் பேச்சை இதுவரை மறுபடி எடுக்கவில்லை.