கண்ணாடியில் ஒட்டிய விலையும் நியாயமான விலையும்

விற்பனையில் விலை முடிவாகும் முறைகளை ஃபிக்ஹு நூல்கள் பல வகையாகப் பிரித்துக் காட்டுகின்றன. அவற்றுள் இரண்டு இங்கு நம் கவனத்திற்குரியவை. தமக்கு என்ன அடக்கம் ஆயிற்று என்பதை விற்பவர் சொல்லாமலேயே, இருவரும் பேசி இணங்கும் விலைக்கு விற்பது முஸாவமா. அடக்க விலையை வெளிப்படையாகச் சொல்லி, அதன்மேல் இன்ன அளவு இலாபம் என்று கூறி விற்பது முராபஹா. முன்னதில் வாங்குபவர் தம் அறிவை நம்புகிறார். பின்னதில் விற்பவரின் வாய்மையை நம்புகிறார். இவ்விரண்டும் கலந்து மயங்கும்போது வாங்குபவர் எவ்வாறு இழப்புக்கு ஆளாகிறார் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் புதுக் கார் வணிகம் தக்க எடுத்துக்காட்டாகும். அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கச் செல்பவரின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே தேவையைவிட ஆசை மிகுதி. சந்தைக்கு வரும் வண்டிகளோ குறைவு.

அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், தயாரிப்பு நிறுவனங்கள் தம் முகவர்களைத் தவிர்த்துவிட்டு நேரடியாக மக்களுக்கு விற்பதைச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. முகவரோ தனி வணிகர். நிறுவனத்தின் ஊழியர் அல்லர். வண்டியை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தம் பொறுப்பில் விற்பவர். ஆகவே ஒரே வண்டி ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறு விலைக்குப் போகலாம்.

இந்தக் குழப்பத்திற்கு ஓர் எல்லை வகுக்க 1958இல் ஒரு சட்டம் பிறந்தது. அதற்காக உழைத்த ஓக்லஹோமா மாநில செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே, ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒட்டப்படும் விலைச்சீட்டு இன்றும் அழைக்கப்படுகிறது. வண்டிக்கும் அதில் சேர்க்கப்பட்ட கூடுதல் வசதிகளுக்கும் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை, முகவரிடம் கொண்டு சேர்த்த போக்குவரத்துக் கட்டணம், இவற்றின் கூட்டுத்தொகை ஆகியவை அச்சீட்டில் இருக்க வேண்டும். வாங்கியவர் கைக்கு வண்டி போய்ச் சேருமுன் அதனைக் கிழித்தல் குற்றம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த விலை பரிந்துரையே அன்றிக் கட்டளை அன்று. முகவர் அதற்குக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம்.

சீட்டிலுள்ள விலைக்குக் கீழே இன்னொரு விலை உண்டு. முகவருக்கு நிறுவனம் அனுப்பும் இன்வாய்ஸில் கண்ட விலை அது. பேரத்தின் நடுவே முகவர் அந்தத் தாளையே எடுத்துக் காட்டி, "எங்கள் அடக்கமே இவ்வளவுதான், இதற்குமேல் 500 டாலர் கொடுங்கள், போதும்" என்பார். கேட்பவர் மனம் இளகிவிடும். ஆயின் அந்தத் தாள் முழு உண்மையைச் சொல்வதில்லை. பல நிறுவனங்கள், வண்டி விற்ற பிறகு விலையில் ஒரு பகுதியை முகவருக்குத் திருப்பித் தருகின்றன. ஹோல்ட்பேக் எனப்படும் இத்தொகை பெரும்பாலும் 2 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். இதுவன்றி, விற்பனை இலக்கை எட்டியதற்கான ஊக்கத்தொகைகளும் உண்டு.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். சீட்டு விலை 40,000 டாலர். இன்வாய்ஸ் விலை 38,000 டாலர். ஹோல்ட்பேக் சீட்டு விலையில் 3 விழுக்காடு, அதாவது 1,200 டாலர். அவ்வாறாயின் முகவரின் உண்மையான கொள்முதல் 36,800 டாலரே. "அடக்கத்திற்கு மேல் 500" என்று 38,500 டாலருக்கு விற்றவர் பெறுவது 500 அன்று, 1,700 டாலர்.

கடை வாடகை, ஊழியர் சம்பளம் முதலிய செலவுகள் முகவருக்கு உண்டு என்பதும், அவர் இலாபம் அடைவது குற்றமன்று என்பதும் உண்மையே. முஸாவமாவாகப் பேசியிருந்தால் 1,700 டாலர் இலாபத்தில் பேச்சுக்கே இடமில்லை. சிக்கல், பேரத்திற்கு முராபஹாவின் உடையை அணிவித்ததில்தான் இருக்கிறது. மர்கீனானி இயற்றிய 'அல்ஹிதாயா' என்னும் ஹனஃபி மத்ஹபு நூல் இவ்விடத்தில் காட்டும் நுட்பம் வியப்பிற்குரியது. சரக்கைக் கொண்டுவந்த கூலி முதலியவற்றை அடக்கத்தில் சேர்க்க அது அனுமதிக்கிறது. ஆனால் அப்போது "இவ்வளவுக்கு வாங்கினேன்" என்று சொல்லலாகாது; சொன்னால் பொய்யாகிவிடும். "எனக்கு இவ்வளவு அடங்கிற்று" என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் அத்தனை எச்சரிக்கை! முராபஹாவில் விற்பவர் அடக்க விலையைக் கூட்டிச் சொன்னது வெளிப்பட்டால், பேசிய முழு விலைக்கு வைத்துக்கொள்ளவோ பொருளைத் திருப்பித் தரவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. கூட்டிய தொகையையும் அதற்குரிய இலாபத்தையும் கழித்துவிட வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃபின் கருத்து.

ஸ்போர்ட்ஸ் கார்களில் நிலைமை தலைகீழாவதும் உண்டு. 1989இல் மாஸ்டா நிறுவனத்தின் மியாட்டா அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 13,800 டாலர். வாங்க வந்தோர் மிகுதியால் பல முகவர்கள் சீட்டு விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் கூட்டி விற்றனர். 60,000 டாலருக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையோடு 2020இல் விற்பனைக்கு வந்த புதிய கார்வெட்டுக்கும் அதுவே நேர்ந்தது. அத்தகைய வேளையில் இன்வாய்ஸ் கணக்கு உதவாது, காத்திருத்தலே உதவும். ஓராண்டு இரண்டாண்டில் புதுமை தணியும். அடுத்த ஆண்டின் வண்டிகள் வருமுன் பழைய இருப்பைத் தீர்க்க முகவர் விரும்புவார். திறந்த கூரை வண்டிகளைக் குளிர்காலத்தில் தேடுவோரும் குறைவு. காத்திருக்க இயலாத ஆசைக்கு விதிக்கப்படும் வரி என்றே அந்தக் கூடுதல் தொகையைக் கருதலாம்.

பேரத்தில் இன்னொரு வலையும் உண்டு. ஒரு தாளை நான்கு கட்டங்களாக்கி, வண்டி விலை, பழைய வண்டியின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை ஆகியவற்றை ஒருசேரப் பேசுவது பல கடைகளின் பழக்கம். ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்ள அது வழி செய்கிறது. தவணையில் 15 டாலர் கூடுவது சிறிதாகத் தோன்றும். 72 மாதங்களில் அது 1,080 டாலர். எனவே முதலில் வண்டி விலையை மட்டும் பேசி முடிக்க வேண்டும். வரி, பதிவு, ஆவணக் கட்டணம் அனைத்தும் அடங்கிய இறுதித் தொகையை நான்கைந்து முகவர்களிடம் எழுத்தில் பெற்று ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.

இவை அறிந்தவருக்கு. அறியாதவருக்கு? அயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே விதமாகப் பேசப் பயிற்றப்பட்டவர்கள் 300க்கும் மேற்பட்ட பேரங்களை நடத்தினர். வெள்ளை இன ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களிடம் ஏறத்தாழ 1,100 டாலர் கூடுதலாகக் கேட்கப்பட்டது. பெண்களிடமும் கூடுதலாகவே கேட்கப்பட்டது. பேச்சு ஒன்றே, விலை மட்டும் வேறு. இணையத்தின் வழியே விலை கேட்டு வாங்கியவர்களிடையே இன வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டதை 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. தகவல் கைக்கு வந்தபோது நீதியும் உடன் வந்தது.

விலை அறியாது, பேரம் பேசாது, விற்பவரை நம்பி வாங்குபவரை 'முஸ்தர்ஸில்' என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். அவர் வழக்கத்திற்கு மீறி ஏமாற்றப்பட்டால் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையை ஹன்பலி மத்ஹபு அவருக்கு அளிக்கிறது. அமெரிக்காவிலும் இத்தகையோரைக் காக்கும் முயற்சிகள் நடந்ததுண்டு. பேரமே இல்லாத ஒரே விலை என்ற கொள்கையோடு 1990இல் விற்பனையைத் தொடங்கிய சாட்டர்ன் கார்கள் 2010இல் நின்றுபோயின. முழு விலையையும் முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என மத்திய வணிக ஆணையம் 2023இல் வகுத்த விதியை, நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று கூறி 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிற்று.

ஆகவே சுமை மீண்டும் வாங்குபவர் தோளிலேயே விழுகிறது. தாம் நிற்பது முஸாவமாவின் களத்தில் என்பதை அவர் உணர்ந்திருந்தால், காட்டப்படும் தாள் அவரை மயக்காது. விற்பவரின் பொறுப்போ அதனினும் எளியது. அடக்கத்தைச் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. சொல்லத் துணிந்தால் முழுமையாகச் சொல்ல வேண்டும்.