சிற்றெஞ்சினின் பேராற்றல்

சிறிய எஞ்சின் பெரியதை வெல்லுமோ என்று நாம் ஐயுறுதல் இயல்பே. கொல்லன் உலையை நினைவு கூர்வோம். கரியை மட்டும் குவித்தால் கனல் ஓங்காது. துருத்தியும் ஊத வேண்டும். எஞ்சினுள்ளும் காற்று மிகுந்தால்தான் பெட்ரோலை மிகுதியாக எரிக்க இயலும். டர்போ என்பது அத்தகைய துருத்தியே. வீணே வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் பிணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது.

1977-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுடன் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியது. எதிரிகளுடையனவோ 3 லிட்டர் எஞ்சின்கள். ரெனோவின் கார் அடிக்கடி பழுதுற்றுப் புகை கக்கவே, ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பலரும் நகைத்தனர். வெப்பம் மிகுதி, மிதித்தபின் சுழலி வேகங்கொள்ளத் தாமதமும் உண்டு. ஆயினும் அவர்கள் தளரவில்லை. ஒரு பெரிய டர்போவுக்கு மாற்றாக இரு சிறியவற்றைப் பொருத்தினர். 1979-இல் டிஜோன் களத்தில் வெற்றி கிட்டியது.

அப்பாடம் சாலைக்கும் வந்தது. ரெனோ குழுமத்தின் ஆல்பைன் 2017-இல் அறிமுகம் செய்த ஏ110 ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர் டர்போ எஞ்சினால் 252 குதிரைத்திறன் பெற்றது. எடையோ ஏறத்தாழ 1,100 கிலோதான். ஆற்றல் பருமனில் மட்டும் இல்லை, காற்றை ஆளும் அறிவிலும் உண்டு என்பதை நாம் உணர்கிறோம்.