கோப்பு மாற்றம் கண்டறிதல் (ஜாங்கோ)

கோப்பு மாற்றம் கண்டறிதல் என்பது, நிரல் திருத்தப்பட்டதும் உருவாக்க வழங்கியைத் தானாக மறுதொடக்கம் செய்யும், ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தின் வசதி ஆகும். இது தவறினால் பழைய நிரலே இயங்கும். நிரலரோ சரியான வரிகளில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

யுனிக்சு வகை இயங்குதளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் கடைசித் திருத்த நேரத்தைக் குறித்து வைக்கின்றன. ஜாங்கோ இயல்பாக அதனை ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது. முன்பு கண்டதைவிடப் பிந்திய நேரம் இருந்தால் மட்டுமே மாற்றமாகக் கொள்கிறது. ஆகவே பழைய காப்புப்படியை அதன் பழைய நேரத்துடனேயே மீட்டு வைத்தால், உள்ளடக்கம் மாறியும் வழங்கி அசையாது.

இதனை அறிய, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டாட் கட்டளையால் நேரத்தை ஒப்பிடலாம். நேரம் பின்னோக்கிச் சென்றிருந்தால், டச் கட்டளை அதனைத் தற்போதைய நேரமாக்கும். வழங்கியும் மறுதொடக்கம் பெறும். நேரம் மாறவே இல்லையெனில், திருத்தியது வேறொரு பிரதியாக இருக்கலாம்.