நீங்கள் பார்த்தே இராத விபத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், தெரியுமா?

முதலில் ஒரு சின்னச் சோதனை. இந்தச் சொற்களை ஒரே ஒருமுறை, நிதானமாகப் படியுங்கள்: கட்டில், தலையணை, இரவு, போர்வை, கனவு, குறட்டை, மெத்தை, கொட்டாவி, தாலாட்டு, ஓய்வு, களைப்பு, பாய். படித்தாயிற்றா? சரி, கீழே வாருங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது!

1974இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குச் சாலை விபத்துப் படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அதே கேள்விதான், வினைச்சொல் மட்டும் வேறு. 'இடித்துக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 41 மைல் என்றார்கள். ஒரே படம், ஒரே கார்கள்! ஒரு சொல் 7 மைல் வேகத்தைக் கூட்டிவிட்டது!

அதிசயம் அதோடு நிற்கவில்லை. இதே போல இன்னொரு குழுவுக்கு ஒரு விபத்துப் படத்தைக் காட்டிக் கேள்வியும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, 'கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா?' என்றார்கள். 'இடித்த' கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். 'நொறுங்க மோதிய' கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர்! படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கேள்வி கேட்டவர் வாயிலிருந்து கிளம்பிய ஒரு சொல், கேட்டவர் மனதுக்குள் போய்க் கண்ணாடியை உடைத்திருக்கிறது.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். அதில் 'கொட்டாவி' இருந்ததா? இருந்தது. 'தலையணை'? இருந்தது. 'தூக்கம்'? இருந்தது என்று தோன்றுகிறதா? இப்போது மேலே போய்த் தேடிப் பாருங்கள். இல்லவே இல்லை! ஜேம்ஸ் டீஸ் 1959இல் கண்டுபிடித்த இந்த வித்தையை ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும் 1995இல் தூசிதட்டி எடுத்தார்கள். பட்டியலில் இல்லாத, ஆனால் மற்ற எல்லாச் சொற்களோடும் தொடர்புள்ள அந்த நடுச்சொல்லைப் பாதிப் பேர் அளவுக்கு 'இருந்தது' என்று நினைவுகூர்ந்தார்கள். பலர் வெறுமனே ஊகிக்கவில்லை, அது வாசிக்கப்பட்ட கணமே தமக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். மிகச் சாதாரணமான, ஆரோக்கியமான மூளைகள்!

சொல்தானே, போகட்டும் என்கிறீர்களா? ஒரு முழு நிகழ்ச்சியையே நட்டு வளர்க்கலாம், தெரியுமா? 1995இல் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்கரெலும் 24 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் சிறுவயதுக் கதைகள் நான்கு தரப்பட்டன. மூன்று கதைகள் வீட்டார் சொன்ன நிஜம். நான்காவது இட்டுக்கட்டியது: நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரிய வணிக வளாகத்தில் தொலைந்துபோய் அழுதாய், வயதான ஒருவர் உன்னைக் கூட்டிவந்து வீட்டாரிடம் சேர்த்தார். கால்வாசிப் பேருக்கு அது முழுசாகவோ அரைகுறையாகவோ 'ஞாபகம் வந்தது'. 2002இல் கிம்பர்லி வேடும் சக ஆய்வாளர்களும் இன்னும் துணிந்தார்கள். குடும்பப் படத்திலிருந்து குழந்தை உருவத்தை வெட்டி, பறக்கும் வெப்பக்காற்று பலூனில் ஒட்டிக் காட்டினார்கள். 20 பேரில் பாதிப் பேர், ஏறாத பலூன் பயணத்தைப் பற்றி ஏதாவது ஒன்றை நினைவுகூர்ந்துவிட்டார்கள்! அதே ஆண்டில் இன்னொரு குழுவினர் டிஸ்னிலாண்ட் விளம்பரம் ஒன்றில் பக்ஸ் பன்னி முயலைப் போட்டுக் காட்ட, சிறுவயதில் டிஸ்னிலாண்டில் அந்த முயலோடு கைகுலுக்கினேன் என்று சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள். பக்ஸ் பன்னி டிஸ்னியின் பிள்ளையே இல்லை, போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் பிள்ளை. டிஸ்னிலாண்டுக்குள் அது எப்படி நுழையும்!

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு என்று நினைத்தால் ஆம்ஸ்டர்டாமுக்குப் போவோம். 1992 அக்டோபர் 4 அன்று எல் ஆல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று பெய்ல்மர்மேர் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்து வெடித்தது. பத்து மாதம் கழித்து ஹான்ஸ் க்ரோம்பாக் என்ற டச்சு உளவியலாளரின் குழு மக்களைக் கேட்டது: விமானம் கட்டடத்தில் மோதும் அந்தக் கணத்தின் டிவி காட்சியைப் பார்த்தீர்களா? 55 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள். அப்படி ஒரு காட்சி கிடையாது! யாரும் படம் எடுக்கவில்லை, எந்த டிவியும் காட்டவில்லை. விபத்துக்குப் பிந்தைய படங்கள், செய்திகள், திண்ணைப் பேச்சு எல்லாம் சேர்ந்து, கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர் தலைக்குள் ஒரு படத்தை ஓட்டியிருக்கின்றன.

மனதில் கல்வெட்டாகப் பதிந்த நாட்கள் என்று நமக்குச் சில உண்டு. ஒரு தலைவர் இறந்த செய்தி, சுனாமி வந்த காலை. யார் சொன்னார்கள், நாம் எங்கே நின்றோம் என்பதுகூட அப்படியே இருக்கிறது என்று சத்தியம் செய்வோம். அமெரிக்கர்களுக்கு அப்படி ஒரு நாள், சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் ஏழு பேரோடு சிதறிய 1986 ஜனவரி 28. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளருக்கு அற்புதமான யோசனை ஒன்று வந்தது. மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, செய்தியை எப்போது, எங்கே, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரைப் பிடித்து, அதே கேள்விகளை மறுபடி கேட்டார். 11 பேருக்கு ஒன்றுகூடச் சரியில்லை! இடம் தவறு, சொன்ன ஆள் தவறு, அப்போது செய்துகொண்டிருந்த வேலையும் தவறு. ஆனால் தெளிவாக ஞாபகம் இருக்கிறது என்ற உறுதிக்கு மட்டும் குறைவே இல்லை. என்னை மிகவும் உலுக்கிய இடம் இதற்கு அடுத்தது. அவர்கள் சொந்தக் கையெழுத்தில் அன்று எழுதிய தாளை எடுத்துக் காட்டினார்கள். பழைய ஞாபகம் திரும்பியதா? இல்லை! கையெழுத்து தம்முடையதுதான், ஆனாலும் அதில் எழுதியிருந்தது அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த நைசருக்கே ஒரு ஞாபகம் இருந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி, தான் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார். டிசம்பரில் அமெரிக்காவில் பேஸ்பாலே ஆட மாட்டார்கள்!

குழந்தை உளவியலின் பெரும் பெயரான ஜான் பியாஜே கதை இன்னும் அழகு. பாரிஸின் ஷாம்ஸ் எலிசே சாலையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த தன்னை ஒருவன் தூக்கிப்போக முயன்றதும், செவிலித்தாய் அவனோடு போராடி முகத்தில் கீறல் வாங்கியதும் அவருக்குக் கண்முன் நிற்கும். அவருக்கு 15 வயதிருக்கும்போது அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாம் நான் கட்டிய கதை, அன்று பரிசாகக் கொடுத்த கடிகாரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று! கதையை வீட்டில் கேட்டுக் கேட்டுத்தான் காட்சி உருவாகியிருந்தது.

எனக்கு ஞாபக சக்தி அதிகம், இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஒரு செய்தி. எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, தான் என்ன செய்தேன் என்று ஒப்பிக்கும் அபூர்வ மனிதர்கள் உலகில் சிலர் இருக்கிறார்கள். 2013இல் லாரன்ஸ் பட்டிஹிஸ் குழு அவர்களில் 20 பேரை இதே வித்தைகளில் சோதித்தது. மற்றவர்களைப் போலவே அவர்களும் விழுந்தார்கள்!

எலிக்கும் பொய் நினைவு வைக்கலாம், தெரியுமா? அமெரிக்காவின் எம்ஐடியில், நோபல் பரிசு பெற்ற சுசுமு டோனேகாவாவின் ஆய்வகம் 2013இல் செய்து காட்டியது. சுண்டெலி ஒரு பெட்டிக்குள் உலாவும்போது மூளையின் ஹிப்போகாம்பஸில் எந்தச் செல்கள் விழித்தனவோ அவற்றை, ஒளி பட்டால் மறுபடி விழிக்கும்படி மாற்றி வைத்தார்கள். மறுநாள் வேறொரு பெட்டியில் எலியை விட்டு, ஒளி பாய்ச்சி முதல் பெட்டியின் நினைவை எழுப்பிக்கொண்டே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு முதல் பெட்டிக்குள் திரும்ப விட்டதும் எலி பயத்தில் உறைந்து நின்றது. அந்தப் பெட்டியில் அதற்கு எந்தக் கெடுதலும் நடந்ததே இல்லை!

ஏன் இப்படி? நினைவு என்பது தினமும் புதிதாகப் போடும் கோலம். சில புள்ளிகள்தான் மிஞ்சியிருக்கும், இழைகளை ஒவ்வொரு முறையும் மூளை புதிதாக இழுக்கிறது. கரீம் நாதரும் அவர் குழுவும் 2000இல் எலிகளில் கண்டது இதைவிட வியப்பு. எலியின் பழைய பய நினைவை ஒருமுறை கிளறிவிட்டால், அது மறுபடி கெட்டிப்பட மூளைக்குப் புதுப் புரதம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுத்தபோது, என்றோ உறுதியாகிவிட்டதாக நினைத்த பயமே மங்கிவிட்டது! நினைவைத் தொடும் நேரமே அது இளகும் நேரம்.

இது குறைபாடா? இல்லை என்றே நினைக்கிறேன். 2007இல் டெமிஸ் ஹசாபிஸும் எலனோர் மக்வயரும் சக ஆய்வாளர்களும், ஹிப்போகாம்பஸ் சேதமாகி நினைவிழந்த நோயாளிகளிடம், கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ வந்தது, காட்சி கூடிவரவில்லை. நேற்றைத் தொலைத்தவர்களுக்கு நாளையும் வரவில்லை! இறந்த காலத்தை ஒட்டவைக்கும் அதே கைதான் எதிர்காலத்தையும் புனைகிறது.

ஆனால் இந்த அற்புதத்துக்குப் பத்தரை ஆண்டு சிறையை விலையாகக் கொடுத்த மனிதர் இருக்கிறார். 1984, வட கரோலினா மாநிலத்தின் பர்லிங்டன். ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து பாலியல் வன்கொடுமை செய்தான். அந்தக் கொடுமைக்கு நடுவிலும், இவனை விடக் கூடாது என்று அவன் முகத்தை அங்குலம் அங்குலமாக மனதில் பதித்துக்கொண்டார். போலீஸ் ஆறு புகைப்படங்களை முன்னால் வைத்தது. சில நிமிடங்கள் யோசித்து, இவர்தான் என்று நினைக்கிறேன் என ஒன்றை எடுத்தார். அது ரொனால்ட் காட்டனின் படம். சரியாகச் செய்தீர்கள் என்பது போன்ற ஆறுதல் வார்த்தை கிடைத்தது. அடுத்து ஆட்களை நிறுத்திய அடையாள அணிவகுப்பு. புகைப்படத்திலும் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான்! மறுபடி அவரையே காட்டினார். நீதிமன்றத்தில் ஏறியபோது 'நினைக்கிறேன்' போய், துளிச் சந்தேகமும் இல்லாத உறுதி வந்திருந்தது. 1985இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

சிறைக்குள் பாபி பூல் என்ற கைதியைக் காட்டன் சந்தித்தார். குற்றவாளியின் முகமாகப் போலீஸ் வரைந்த படத்தின் அச்சு! 1987இல் மறு விசாரணையில் பூலை ஜெனிஃபர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரைப் பார்த்ததே இல்லை என்றார் அவர். நிஜக் குற்றவாளி கண்ணெதிரே நிற்கிறான், ஆனால் நினைவில் அந்த இரவின் முகம் காட்டனின் முகமாக மாறிவிட்டிருந்தது. 1995இல் டிஎன்ஏ சோதனை பூலைக் காட்டியது, காட்டன் வெளியே வந்தார். ஜெனிஃபர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் இதில் நெஞ்சை அடைக்கும் விஷயம்.

காட்டன் ஒருவர்தானா? அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை டிஎன்ஏ மூலம் நிரபராதி என்று நிரூபணமான 375 வழக்குகளை இன்னசென்ஸ் பிராஜெக்ட் என்ற அமைப்பு கணக்கெடுத்தது. பத்தில் ஏழு பங்கு வழக்குகளில் நேரில் கண்டவரின் தவறான அடையாளம் பங்கு வகித்திருந்தது! கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் செய்த சோதனை இதன் முடிச்சை அவிழ்க்கிறது. தவறான ஆளைக் காட்டியவர்களில் சிலரிடம், நல்லது, சந்தேக நபரை அடையாளம் காட்டிவிட்டீர்கள் என்று ஒரு வரி மட்டும் சொன்னார்கள். உடனே உறுதி ஏறியது. அதோடு, அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன், கவனமாகப் பார்த்தேன் என்று பழைய கணமும் கூடவே மாறியது!

ஆஸ்திரேலியாவில் இன்னும் விசித்திரம். டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளரே வன்கொடுமைக் குற்றவாளி என்று அடையாளம் காட்டப்பட்டார். குற்றம் நடந்த நேரத்தில் அவர் டிவி நேரலையில் இருந்தார். தலைப்பு? சாட்சிகளின் நினைவு எப்படித் தவறுகிறது என்பது! தாக்கப்பட்ட பெண் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் இருந்த முகம் குற்றவாளியின் உடலில் ஒட்டிக்கொண்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு, துன்பப்பட்டேன் என்று சொல்பவர்களை உன் மூளை புனைகிறது என்று வாயடைப்பது பெரும் அநியாயம். பெரும்பாலான நினைவுகளின் சாரம் சரியாகவே இருக்கிறது, சோதனைகளிலும் பலர் பொய்க் கதையை ஏற்கவே இல்லை. 70 சதவீதம் பேருக்குச் செய்யாத குற்றத்தின் நினைவை நட்டதாகச் சொன்ன 2015ஆம் ஆண்டு ஆய்வைக் கறாரான அளவுகோலால் மறுபடி அளந்தவர்கள், அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே என்றார்கள். பயப்பட வேண்டியது கேள்வி கேட்கும் விதத்துக்கு. கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் 1983 முதல் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பதிலை உள்ளே வைத்தே கேள்வி கேட்டார்கள். ரகசியச் சுரங்கப்பாதை வரை கதை வளர்ந்தது. 1990இல் ஒரு தண்டனைகூட இல்லாமல் வழக்கு முடிந்தது. குழந்தைகளும் சிதைந்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களும் சிதைந்தார்கள்.

சரிசெய்ய வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. காட்டனின் விடுதலைக்கு இரண்டு ஆண்டு கழித்து ஜெனிஃபர் மன்னிப்புக் கேட்டார், காட்டன் மன்னித்தார். இருவரும் நண்பர்களாகி, ஒன்றாக மேடையேறி, 2009இல் சேர்ந்து புத்தகமும் எழுதினார்கள். அதே வட கரோலினா 2007இல் சட்டம் போட்டது. அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கு யார் சந்தேக நபர் என்றே தெரியக் கூடாது. குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அந்தக் கணத்திலேயே, சாட்சியின் சொந்த வார்த்தைகளில் பதிவுசெய்ய வேண்டும். 1984இல் இந்த மூன்றாவது விதி மட்டும் இருந்திருந்தால், சில நிமிடத் தயக்கமும் 'என்று நினைக்கிறேன்' என்ற சொல்லும் தாளில் ஏறி, காட்டனின் ஜூரி முன் வந்திருக்கும்.